பல்வலி என்று நினைத்தேன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்று போச்சு. குழுக் கூட்டத்தில் தீர்மான நோட்டை வாசிப்பதுதான் நான் அதிகமாகப் பேசியது. மற்ற அக்காமார் எல்லாம் கறவை மாட்டுக் கடன், தையல் யூனிட், மசாலாப் பொடி என்று பேசினாங்க. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொல்லித் தலைவி அக்கா கேட்டாங்க. எங்க அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் சம்மதிச்சேன். "என் கண்ணு போன கதையைத்தானே சொல்லப் போறே, சொல்லு, ஆனா கூட்டாதே"ன்னு சொன்னாங்க. முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறது அவங்கதான்.

அத்தை என்றால் என் வீட்டுக்காரரோட அம்மா. 2021-ல் அவங்களுக்கு 58 வயசு. பதினோரு வருஷமா சர்க்கரை. மாசா மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வருவாங்க. கொரோனா ரெண்டாவது அலை வந்ததும் அங்கே போகப் பயந்துட்டு ரெண்டு மாசம் போகலை. கையில் இருந்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டாங்க. அது எனக்கே பின்னாடிதான் தெரியும்.

மே மாசம் அத்தைக்குக் கொரோனா வந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் எட்டு நாள் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்து அனுப்பினாங்க. வரும்போது அஞ்சு நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. சின்னதா வெள்ளையா இருக்கும். அதைப் போட்டால் அத்தைக்கு நல்லாப் பசி எடுத்தது, தெம்பா நடந்தாங்க. அஞ்சு நாள் முடிந்ததும் மறுபடி சோர்ந்து படுத்துட்டாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? காலி அட்டையை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போய், இதே மாத்திரை பத்து கொடுங்கன்னு வாங்கிட்டு வந்து கொடுத்தேன். சீட்டு கேட்கலை, அவங்களும் கொடுத்தாங்க. அது ஸ்டீராய்டு மாத்திரை. கொரோனாவில் மூச்சுத் திணறல் வந்தவங்களுக்கு அது உயிர் காக்கிற மருந்துதான், ஆனால் டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும்தான். அது சர்க்கரையை ஏத்தும். உடம்புக்குள் வருகிற கிருமியோடு சண்டை போடுகிற சக்தியையும் குறைச்சிடும். எனக்கு அது எதுவும் தெரியாது. தெம்பு மாத்திரைன்னு நினைச்சேன்.

ஜூன் ரெண்டாவது வாரம் அத்தைக்கு இடது பக்க மேல்பல் வலிச்சது. பல்வலிதானேன்னு கிராம்பு வச்சு அடக்கினோம். ஊரடங்கு, பல் டாக்டர் கடை மூடியிருக்கு. அடுத்த நாள் இடது கன்னம் மரத்துப் போச்சு. "கிள்ளினாத் தெரியலடி"ன்னாங்க. பல்வலி முகத்துக்கு இறங்கியிருக்குன்னு பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னாங்க. மூணாம் நாள் இடது மூக்கு மட்டும் அடைச்சது, பழுப்பா ரத்தம் கலந்த மாதிரி சளி வந்தது. பீனிசம்னு நினைச்சு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வச்சேன். நாலாம் நாள் சாயங்காலம் விளக்கு ஏத்தும்போது, "ஏன் ரெண்டு விளக்கு ஏத்துற?"ன்னு கேட்டாங்க. நான் ஏத்தினது ஒண்ணுதான். திரும்பிப் பார்த்தா இடது கண் இமை பாதி தொங்குது, கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கு.

அப்பதான் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டேன். ஒரு பக்கமா, சர்க்கரை இருக்கா, கொரோனா வந்ததா என்று மூணே கேள்வி கேட்டாங்க. "காலையில பார்க்கலாம்னு இருக்காதே, இப்பவே 108 கூப்பிடு, மெடிக்கல் காலேஜுக்கே போ"ன்னு சொன்னாங்க. அந்த நாலு நாளை நான் இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா வந்து, விளக்கு வச்ச மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தாங்க. உள்ளே தெரிஞ்சதை டி.வி. மாதிரி ஒரு திரையில் எனக்கும் காட்டினாங்க. மூக்குக்குள்ளே சதை சிவப்பா இருக்கணும். அத்தைக்கு ஒரு இடத்தில் கரி மாதிரி கறுப்பா இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி மேல் அண்ணத்தையும் பார்த்தாங்க. அங்கே அப்போது எதுவும் இல்லை. சர்க்கரை பார்த்தால் 412.

கருப்பு பூஞ்சைன்னு பேப்பரில் போட்டாங்களே, அதுதான் இது. டாக்டர்கள் மியூக்கோர்மைக்கோசிஸ்னு சொல்றாங்க. எனக்கு அந்தப் பேரைச் சொல்ல வரவே ஒரு வாரம் ஆச்சு. பூஞ்சையே கறுப்பு நிறம்னு நினைச்சேன். அப்படி இல்லையாம். அந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள்ளேயே வேர் விட்டு அடைச்சிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துப் போகும். நாம பார்க்கிற கறுப்பு செத்த சதை. ரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போகாது இல்லையா? அதனால்தான் இதுக்கு மருந்து மட்டும் பத்தாது, செத்ததை வெட்டி எடுத்தே ஆகணும்.

டாக்டரம்மா என் நோட்டில் ஒரு படம் போட்டாங்க. நம்ம கன்னத்துக்கு உள்ளே, நெத்திக்கு உள்ளே, ரெண்டு கண்ணுக்கு நடுவே எல்லாம் காத்து நிறைஞ்ச சின்னச் சின்ன அறைகள் இருக்கு. சைனஸ்னு சொல்றது அதைத்தான். அந்த அறைக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கிற எலும்பு காகிதம் மாதிரி மெல்லிசு. மேலே மூளைக்கும் அப்படித்தான், ஒரு தகடுதான் குறுக்கே. பூஞ்சை மூக்கில் ஆரம்பிச்சு, அறைக்குள் போய், கண்ணுக்குப் போய், கண்ணுக்குப் பின்னால் நரம்பு போகிற துவாரம் வழியா மூளைக்குப் போயிடும். மூளைக்குப் போயிட்டால் புத்தி தடுமாறும், வலிப்பு வரும், கை கால் விழும். சிகிச்சை எடுத்தும் ஏறக்குறைய பாதிப்பேர் வரைக்கும் இறந்து போகிற நோய் இதுன்னு மறைக்காமச் சொன்னாங்க.

அப்புறம் கேட்டாங்க: "வீட்டில வேற ஏதாவது மாத்திரை கொடுத்தீங்களா?"

நான் இல்லைன்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிக்கிறார். பயம், வெட்கம், ரெண்டும். ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். விடியக்காலம் அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க உடனே கேஸ் ஷீட்டில் எழுதினாங்க, எத்தனை நாள், எத்தனை மாத்திரை, கடைசியா எப்ப கொடுத்தேன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில் கொடுத்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூணு வாரத்துக்கு மேல் ஆகுது. அத்தனை நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் சரிஞ்சு போகலாம், படிப்படியாத்தான் குறைக்கணும்னு சொன்னாங்க. நான் சொல்லாமலே இருந்திருந்தால் அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்டுக்காரர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அத்தைகிட்ட சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

நோய் இதுதான்னு எப்படி உறுதி பண்ணினாங்கன்னு சொல்றேன். மூக்குக்குள் இருந்து கறுத்த சதையில் துளி எடுத்து, ஒரு காரத் தண்ணியில் ஊற வச்சு மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. அந்தத் தண்ணி சதையைக் கரைச்சிடும், பூஞ்சை மட்டும் மிஞ்சித் தெரியும். அகலமா, ரிப்பன் மாதிரி, கிளை எல்லாம் நேர்க்கோணத்தில் பிரியுமாம். இந்த ரிசல்ட் சில மணி நேரத்தில் வந்துடும். அத்தைக்கு அன்னைக்கு ராத்திரியே வந்தது. அதே சதையை பயாப்ஸிக்கும் அனுப்பினாங்க, அது வர அஞ்சு நாள் ஆச்சு. அதுக்காக அவங்க காத்திருக்கலை. மருந்தை அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சுட்டாங்க. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் போயிருந்தது, மூளைக்குள் போகலை. எலும்பு எவ்வளவு அரிச்சிருக்குன்னு பார்க்க சி.டி. ஸ்கேன் தனியா எடுத்தாங்க.

முதல் ஆபரேஷன் அடுத்த நாளே மூக்கு வழியாகவே நடந்தது, முகத்தில் கத்தி வைக்கலை. எவ்வளவு தூரம் எடுப்பீங்கன்னு கேட்டேன். ரத்தம் கசிகிற நல்ல சதை வருகிற வரைக்கும்னாங்க. சொத்தைக் கத்திரிக்காயில் வெள்ளைச் சதை தெரிகிற வரைக்கும் அறுக்கிறோமே, அது மாதிரின்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்.

மூணு நாள் கழிச்சு மறுபடி பார்த்தப்போ இடது கண் அசையவே இல்லை, பார்வையும் சுத்தமாப் போச்சு. ஒரு சிலருக்குக் கண்ணுக்குப் பின்னாலேயே மருந்து ஊசி போட்டுப் பார்ப்பாங்களாம், அத்தைக்கு அந்தக் கட்டம் தாண்டிப் போச்சு. கண்ணை எடுத்தால்தான் மூளையைக் காப்பாத்தலாம்னு கண் டாக்டரும் சேர்ந்து வந்து சொன்னாங்க. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன்னு வெளியே போயிட்டார். கொழுந்தனார் போனில் அழுகிறார். பார்வை போன கண்ணுதானேன்னு சொல்லிடலாம். ஆனால் அந்த முகம் அம்மாவோட முகம் இல்லையா? எனக்கும் கை ஓடலை. கடைசியில் டாக்டரம்மாதான், "அவங்க நினைவோடதானே இருக்காங்க, அவங்களையே கேட்போம்"னாங்க. நாங்க யாரும் அத்தையைக் கேட்கவே இல்லை, பாருங்க.

டாக்டரம்மா எல்லாத்தையும் பொறுமையாச் சொன்னாங்க. அத்தை கேட்டுட்டு, "மிச்சக் கண்ணு நல்லா இருக்குமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இப்போதைக்கு நல்லா இருக்கு, அதைக் காப்பாத்தத்தான் இதுன்னு பதில் வந்தது. "சரி எடுங்க. இவளைத் திட்டுறதுக்கு ஒரு கண்ணு போதும்"னு என்னைக் காட்டினாங்க. கட்டைவிரல் ரேகை வச்சாங்க.

மருந்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஆம்போடெரிசின்-பி. அந்த ஜூன் மாசம் அந்தப் பேரைச் சொல்லாத வீடே அந்த வார்டில் இல்லை. வெளியில் கிடைக்காமல் ஆளாளுக்கு அலைஞ்சாங்க. எங்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே இலவசமா வந்தது, ரெண்டு நாள் மட்டும் தாமதமா வந்தது. தினமும் முதல்ல உப்புத் தண்ணி பாட்டில் ஏத்துவாங்க, அப்புறம் மருந்து. மருந்தை மட்டும் குளுக்கோஸில் கலப்பாங்க. சர்க்கரைக்காரங்களுக்குக் குளுக்கோஸான்னு நான் முதல் நாள் சண்டைக்கே போயிட்டேன். நர்ஸ் அக்கா சிரிச்சுட்டு, "உப்புத் தண்ணியில கலந்தா பால் திரியிற மாதிரி திரிஞ்சு போயிடும். குளுக்கோஸுக்குத் தகுந்தாப்ல இன்சுலின் கூட்டிப் போடுறோம், பயப்படாதே"ன்னாங்க.

மருந்து ஏறும்போது குளிர் உதறும், காய்ச்சல் அடிக்கும். ரெண்டு போர்வை போர்த்தி மேலே நான் படுத்து அமுக்கியிருக்கேன். அது கிட்னியையும் பாதிக்கும். பொட்டாசியம்னு ஒரு உப்பு ரத்தத்தில் இறங்கிப் போகும், அது இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் எடுப்பாங்க. எத்தனை தடவை குத்துறதுன்னு சலிச்சுக்காதீங்க, அந்த ரத்தப் பரிசோதனை இல்லாமல் அந்த மருந்தைக் கொடுக்க முடியாது. அத்தை எவ்வளவு சிறுநீர் போறாங்கன்னு அளந்து எழுதி வைக்கிற வேலை என்னோடது. குழுக் கணக்கு எழுதிப் பழகின கை, ஒரு நாள் விடாமல் எழுதினேன். சர்க்கரையை நாலு வேளையும் பார்த்து இன்சுலின் போட்டாங்க. சர்க்கரை கட்டுக்குள் வராமல் எத்தனை ஆபரேஷன் பண்ணினாலும் பூஞ்சை திரும்ப வரும்னு தினமும் ரவுண்ட்ஸில் சொல்வாங்க.

மொத்தம் 38 நாள் இருந்தோம். வீட்டுக்கு வந்தப்புறம் போசகோனசோல்னு ஒரு மாத்திரை மூணு மாசம். அதைச் சாப்பாட்டோடுதான் போடணும். மூக்கை உப்புத் தண்ணியால் கழுவணும். வாரா வாரம் குழாய் விட்டுப் பார்க்கப் போகணும். அலுத்துப் போய் நிறுத்தினவங்க சிலர் திரும்ப வந்து படுத்ததை அந்த வார்டிலேயே பார்த்தேன்.

சிகிச்சைக்குப் பணம் கேட்கலை. ஆனாலும் வண்டிக்கு, சாப்பாட்டுக்கு, வெளியில் வாங்கின சில மாத்திரைக்குன்னு கரைஞ்சு போச்சு. அப்போது குழுக் கூட்டமே போட முடியாத நேரம். எங்க ஊக்குநர் அக்கா பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாப் போன் போட்டுச் சம்மதம் வாங்கி, 20,000 ரூபாய் உள்கடன் கொடுத்தாங்க. கூட்டம் நடந்தப்புறம் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. பத்து மாசத்தில் கட்டி முடிச்சேன். வட்டியை விட்டுடலாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன், நாளைக்கு இன்னொருத்தருக்குக் கொடுக்கணுமே.

பேசிக்கிட்டு இருக்கும்போதே நடுவில் ஒரு அக்கா எழுந்து, இது ஒட்டுமான்னு கேட்டாங்க. ஒட்டாது. நான் 38 நாளும் அத்தை பக்கத்திலேயே படுத்து, அவங்க தட்டில் மிச்சத்தைச் சாப்பிட்டேன். இந்தப் பூஞ்சையோட தூள் மண்ணில், எருவில், அழுகின காய்கறியில், காத்தில் எங்கேயும் இருக்கு, நாம எல்லாரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம். உடம்பு நல்லா இருந்தால் ஒண்ணும் செய்யாது. வெங்காயத்து மேல் இருக்கிற கறுப்புத் தூளால் வருதுன்னு அப்போது வாட்ஸப்பில் ஓடுச்சு, நானும் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொட்டியிருப்பேன். அது வேற பூஞ்சையாம். அத்தை வீட்டுக்கு வந்த புதுசில் தெருவில் ரெண்டு வீட்டில் தண்ணி கூடக் கொடுக்கலை. அந்த வீட்டுக்காரங்களும் இங்கே இருக்காங்க, கோபம் எல்லாம் இல்லை, தெரியாமல் செஞ்சதுதானே. நான் தெரியாமல் செஞ்சதை விடவா?

கொரோனாதான் போயிடுச்சேன்னு நினைக்க வேண்டாம். கொரோனாவுக்கு முன்னாடியே நம்ம நாட்டில் சர்க்கரை கட்டுக்கடங்காதவங்களுக்கு இது வந்துக்கிட்டுத்தான் இருந்தது, இப்பவும் வரும். 2021 ஜூன் கடைசியில் மத்திய அரசு சொன்ன கணக்கைச் செய்தியில் பார்த்து டைரியில் குறிச்சு வச்சேன்: நாடு முழுக்க 40,845 பேர். அதில் சர்க்கரை இருந்தவங்க 26,187 பேர், ஸ்டீராய்டு எடுத்தவங்க 21,523 பேர். எங்க வார்டிலேயே, தனக்குச் சர்க்கரை இருக்கிறதே தெரியாமல் வந்து படுத்தவங்க இருந்தாங்க. ஒரு லாரி டிரைவர் அண்ணனுக்கு மேல்தாடையையே எடுத்தாங்க. அவருக்குச் சர்க்கரை 500-க்கு மேல், அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூடப் பார்த்ததில்லையாம்.

அதனால் நம்ம வீட்டில் சர்க்கரை இருக்கிறவங்களுக்கு முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலிச்சாலோ, மரத்துப் போனாலோ, ஒரு மூக்கு மட்டும் அடைச்சுப் பழுப்பாவோ கறுப்பாவோ வந்தாலோ, மேல்பல் காரணமில்லாமல் ஆடினாலோ, கண் வீங்கினாலோ, ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சாலோ, கிராம்பைத் தேடாதீங்க, ஆவி பிடிக்காதீங்க. அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்களுக்கும் இதே கதைதான். போகும்போது வீட்டில் கொடுத்த எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க, காலி அட்டையையும் சேர்த்து.

அத்தைகிட்ட அந்தப் பத்து மாத்திரையைப் பத்தி எப்படிச் சொன்னேன்னு கேட்பீங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடிப் பதினெட்டு அன்னைக்குன்னு நினைக்கிறேன், இல்லை அதுக்கு முன்னாடியா, சரியா ஞாபகம் இல்லை. ரெண்டு பேரும் புளி கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தோம். சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நானும்தான் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன், உன்கிட்ட சொன்னேனா?"ன்னாங்க. அதோட புளியை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தப்புறம், நம்ம குழுவில் இருந்தே சுகாதாரத் தன்னார்வலரா வேலை பார்க்கிற அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துட்டுப் போறாங்க. அத்தை அவங்க வருகிற தேதியைக் காலண்டரில் நானே மறந்தாலும் வட்டம் போட்டு வைப்பாங்க. அந்த அக்கா இன்னைக்கு மீட்டரோட வந்து, டீ கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்காங்க. டீயில் சர்க்கரை போடுறதுக்கு முன்னாடி விரலைக் கொடுங்க. எனக்குக் காலையிலேயே பார்த்தாச்சு, சாப்பிடாமல் 98.

 அத்தை எழுந்து நிக்கிறாங்க, ஏதோ சொல்லணுமாம். மைக்கை அவங்ககிட்ட கொடுக்கிறேன்.